மெயின் ரிலீஃப் ஸ்க்ரூவைத் தொடும் முன்: எக்ஸ்கவேட்டரில் பைலட் பிரஷரும் ரிலீஃப் வால்வும்

மெஷின் இழுக்கவில்லை என்று புகார் வந்ததும் பலருடைய ஸ்பேனர் நேராகப் போவது, பிரஷர் எல்லை மீறாமல் காக்கும் மெயின் ரிலீஃப் வால்வின் ஸ்க்ரூவுக்குத்தான். கால் சுற்று ஏற்றினால் அப்போதைக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததுபோலத் தெரியும். ஆனால் கோளாறு, லீவரின் கட்டளையைக் கொண்டுபோகும் குறைந்த பிரஷர் ஆயில் வழியான பைலட் லைனில் இருந்து, அதை இன்னொருவர் பிறகு சரிசெய்தால், அன்றைக்கு மெயின் பிரஷர் அளவு மீறி ஏறும். அடி வாங்குவது ஹோஸும் பம்பும் சிலிண்டர் சீலும். அதனால் வேலையின் வரிசை எப்போதும் இதுதான்: முதலில் பைலட், அடுத்து மெயின், ஸ்க்ரூ கடைசி.

கீழே வரும் எண்கள் 20 டன் வகை எக்ஸ்கவேட்டர்களில் பொதுவாக இருப்பவை. மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே முடிவானது. அலகைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: 1 மெகாபாஸ்கல் 10 பார், 1 பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ.

லீவரை அசைத்தால் என்ன நடக்கிறது

ஜாய்ஸ்டிக் நேராக மெயின் ஸ்பூலை, அதாவது சிலிண்டருக்குப் போகும் ஆயில் வழியைத் திறந்து மூடும் உருளைத் தண்டை, தள்ளுவதில்லை. மெயின் பம்புகளோடு சேர்ந்து ஒரு சிறிய கியர் பம்பும் சுழல்கிறது. அதுதான் பைலட் பம்ப். நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் ஆயிலைப் பைலட் ஃபில்டர் வழியாக அனுப்பும். பைலட் ரிலீஃப் வால்வு அந்த லைனை 35 முதல் 40 பாருக்குள் நிறுத்தி வைக்கும். அங்கிருந்து அக்குமுலேட்டர் (நைட்ரஜன் அழுத்தத்தில் கொஞ்சம் ஆயிலைச் சேமித்து வைக்கும் கலம்), சேஃப்டி லீவரின் சோலினாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது) ஆகியவற்றைக் கடந்து ஜாய்ஸ்டிக் வால்வுக்கு வரும்.

ஜாய்ஸ்டிக் வால்வு உண்மையில் நான்கு குட்டி பிரஷர் குறைப்பு வால்வுகளின் தொகுப்பு. லீவரைச் சாய்த்தால் அடியில் உள்ள தட்டு ஒரு புஷ்ஷரை அழுத்தும். புஷ்ஷர் பேலன்ஸ் ஸ்பிரிங்கை அழுத்தும். ஸ்பிரிங் குட்டி ஸ்பூலைக் கீழே தள்ள, பைலட் ஆயில் அவுட்லெட்டுக்குப் பாயும். அவுட்லெட்டில் பிரஷர் ஏற ஏற அதே பிரஷர் குட்டி ஸ்பூலை மேலே தள்ளும். ஸ்பிரிங்கின் விசையும் ஆயிலின் விசையும் சமமானதும் வழி மூடிக்கொள்ளும். லீவரை எவ்வளவு சாய்த்தோமோ அவ்வளவு பிரஷர் மட்டும் அங்கே நிற்கும். லீவரை விட்டால் அவுட்லெட் டேங்க் பக்கம் திறந்து பிரஷர் பூஜ்யத்துக்கு இறங்கும். ஆபரேட்டர் கையில் உணரும் நுணுக்கம் எல்லாம் இந்தச் சமநிலையில்தான் இருக்கிறது. அதனால்தான் பேலன்ஸ் ஸ்பிரிங்கைக் கைக்குக் கிடைத்த வேறு ஸ்பிரிங்கால் மாற்றுவது பெரும் தவறு.

இந்த அவுட்லெட் பிரஷர் மெயின் கன்ட்ரோல் வால்வில் ஸ்பூலின் முனையைத் தள்ளுகிறது. சுமார் 5 முதல் 7 பாரில் ஸ்பூல் நகரத் தொடங்கும். 25 முதல் 30 பாரில் முழு தூரமும் போய்விடும். ஸ்பூலின் விட்டம் 28 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 25 பாரில் அதன் முனையில் விழும் விசை சுமார் 1,540 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 157 கிலோ எடை. விரல் நுனியால் தொடும் லீவர் அவ்வளவு பாரத்தை ஏவுகிறது. இந்தப் பைலட் பிரஷர் 15 பாரிலேயே நின்றுவிட்டால் ஸ்பூல் பாதி தூரத்தில் நிற்கும். அதன் விளைவு என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்; கோளாறு கண்டுபிடிப்பதில் பாதி வேலை அங்கேதான்.

ரிலீஃப் வால்வு இரண்டு வகை

பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை, ஆயிலைத் தள்ளுகிறது. எதிரே தடை இருந்தால் பிரஷர் ஏறும். இதற்கு மேல் ஏறக்கூடாது என்ற எல்லையை வைப்பது ரிலீஃப் வால்வு. அது மெஷினுக்குப் பலம் கொடுக்கும் பாகம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

எளிய வகை நேரடி வால்வு: ஒரு சீட், அதை அடைத்து நிற்கும் கூம்பு வடிவப் பாப்பெட், அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கை இறுக்க ஒரு ஸ்க்ரூ. பைலட் லைனுக்கு இது போதும். மெயின் லைனுக்குப் போதாது, ஏன் என்று கணக்கு சொல்லும். நிறைய ஆயில் போக 20 மி.மீ. விட்டமுள்ள சீட் வேண்டும் என்றால், 350 பாரில் அந்தப் பாப்பெட்டைத் தள்ளும் விசை ஏறக்குறைய 11,000 நியூட்டன், ஒரு டன்னுக்கும் மேல். அதைத் தாங்கும் ஸ்பிரிங் பெரிதாகவும் முரட்டுத்தனமாகவும் இருக்கும். திறக்கத் தொடங்கும் பிரஷருக்கும் முழு ஆயிலையும் விடும் பிரஷருக்கும் இடையே பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

அதனால் மெயின் ரிலீஃபில் இரண்டு கட்டம் வைத்திருக்கிறார்கள். பெரிய மெயின் பாப்பெட்டின் நடுவே ஒரு துளை, பெரும்பாலும் ஒரு மி.மீ. அளவுக்குள். அந்தத் துளை வழியாக பம்ப் பிரஷர் பாப்பெட்டின் பின்பக்கத்துக்கும் போகும். இரண்டு பக்கமும் ஒரே பிரஷர் என்பதால் ஒரு பலவீனமான ஸ்பிரிங்கே அதை மூடி வைக்கப் போதும். பின்பக்க அறையின் கோடியில் ஒரு சிறிய கூம்பு. ஸ்க்ரூவால் இறுக்கிய கடினமான ஸ்பிரிங் அதை அடைத்து நிற்கும். அந்தச் சிறிய சீட்டின் விட்டம் 4 மி.மீ. என்றால் 350 பாரில் விசை 440 நியூட்டன்தான், சுமார் 45 கிலோ. கையடக்க ஸ்பிரிங் தாங்கிவிடும்.

பிரஷர் எல்லையைத் தொட்டதும் சின்னக் கூம்பு விலகும். பின்பக்க அறையிலிருந்து கொஞ்சம் ஆயில் டேங்குக்கு ஓடும். அந்த ஆயிலை ஈடுகட்ட அந்த ஒரு மி.மீ. துளை வழியாக ஆயில் வர வேண்டும். குறுகிய துளையில் ஓடும்போது பிரஷர் விழும். இப்போது முன்பக்கம் அதிகம், பின்பக்கம் குறைவு. மெல்லிய ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு மெயின் பாப்பெட் திறக்கும், பம்பின் ஆயில் டேங்குக்கு வழியும்.

இந்த அமைப்பு மனதில் பதிந்தால் கோளாறு தானே விளங்கும். அந்தத் துளையில் ஓரிங்கிலிருந்து (ரப்பர் வளைய சீல்) கிழிந்த ஒரு துணுக்கு அடைத்துக்கொண்டால் பின்பக்கம் பிரஷரே சேராது. மெல்லிய ஸ்பிரிங் மட்டும் தாங்க, சில பாரிலேயே வால்வு திறந்து மெஷின் செத்ததுபோல நிற்கும். ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. சின்னக் கூம்புக்கும் சீட்டுக்கும் நடுவில் துகள் சிக்கினால் பிரஷர் ஏறும், ஆனால் எல்லைக்கு வெகு முன்பே நின்றுவிடும். மெயின் பாப்பெட் மூடிய நிலையில் ஸ்லீவுக்குள் இறுகிப்போனால் தலைகீழ் ஆபத்து: எல்லை தாண்டியும் திறக்காது. நிறைய மாடல்களில் பவர் பூஸ்ட் பட்டனும் இந்த வால்வில்தான் வேலை செய்கிறது. பட்டனை அழுத்தினால் பைலட் ஆயில் ஒரு பிஸ்டனைத் தள்ளி ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்கும். 340 பார் அளவில் இருந்த எல்லை 360, 370 வரை சில வினாடிகளுக்கு உயரும்.

மெயின் ரிலீஃப் தவிர, மெயின் கன்ட்ரோல் வால்வில் ஒவ்வொரு வேலைக்கும் உரிய செக்‌ஷனிலும் போர்ட் ரிலீஃப்கள் உண்டு. லீவர் நடுவில் இருக்கும்போது பாறை ஒன்று பக்கெட்டை வெளியிலிருந்து தள்ளினால் சிலிண்டருக்குள் ஏறும் பிரஷரை அவை வெளியேற்றும். மெயினைவிட 20 முதல் 40 பார் வரை கூடுதலாகவே இவற்றை வைப்பார்கள். மெஷினின் மேல்பகுதியைச் சுழற்றும் ஸ்விங் மோட்டாரின் ரிலீஃப் தனி. அது மெயினைவிடக் குறைவு, 250 முதல் 290 பார் வரை.

வேகம் குறைவா, பலம் குறைவா

கேஜ் மாட்டும் முன் ஆபரேட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மெதுவாக அசைகிறது, ஆனால் மண்ணைத் தூக்கிவிடுகிறது என்றால் ஆயில் அளவில் குறை: பம்ப், அது தள்ளும் ஆயில் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், அல்லது பைலட் குறைந்து ஸ்பூல் முழுதாகத் திறக்காதது. காலியாக இருக்கும்போது வேகமாக அசைகிறது, பாரம் ஏறினால் நின்றுவிடுகிறது என்றால் பிரஷரில் குறை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. லீவர் நடுவில் இருக்கும்போது பம்ப் ஆயில் நடுவழியாக டேங்குக்குத் திரும்பும் ஓப்பன் சென்டர் வகை வால்வில் ஸ்பூல் முழு தூரம் போனால்தான் நடுவழி முற்றிலும் அடைபடும். பைலட் குறைந்து ஸ்பூல் பாதியில் நின்றால் நடுவழியாக ஆயில் டேங்குக்கு நழுவும். மெயின் பிரஷரும் எல்லையைத் தொடாது. கேஜ் 270 பார் காட்டும். அதைப் பார்த்து ரிலீஃபை ஏற்றுபவர் கோளாறில்லாத வால்வைக் கெடுக்கிறார். பைலட்டை அளக்காமல் எடுத்த மெயின் பிரஷர் அளவை நம்பவே கூடாது.

புகார் எங்கெல்லாம் இருக்கிறது என்பதும் பாதி விடை. ஸ்விங், டிராவல் உட்பட எதுவுமே அசையவில்லை என்றால் சேஃப்டி லீவரின் ஸ்விட்ச், ஃப்யூஸ், சோலினாய்டு, பைலட் ஃபில்டர் என்ற வரிசையில் பாருங்கள். இரண்டு பம்புகளுக்கும் மெயின் ரிலீஃப் பொதுவாக இருக்கும் மாடலில், ஒரு பம்பின் வேலைகள் மட்டும் சோர்ந்திருந்தால் ரிலீஃபைச் சந்தேகிக்க இடமில்லை. அந்தப் பம்பையும் அதன் ரெகுலேட்டரையும் பாருங்கள். ஒரே வேலையில் ஒரே திசை மட்டும் கெட்டிருந்தால் அந்தத் திசையின் பைலட் அவுட்லெட், அல்லது அந்தப் பக்கத்துப் போர்ட் ரிலீஃப். லீவரை விட்ட பிறகும் அசைவு நிற்காமல் ஒரு நொடி தொடர்ந்தால் ஜாய்ஸ்டிக் வால்வின் குட்டி ஸ்பூலோ மெயின் ஸ்பூலோ ஒட்டுகிறது. அந்த மெஷினை அந்த நிமிடமே நிறுத்துங்கள், வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பிரஷரை இறக்குவது

மெஷினைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டையும் ஆர்மையும் தரையில் படிய வையுங்கள். பூம் அந்தரத்தில் நின்றால் அதன் பாரம் முழுவதும் சிலிண்டருக்குள் பிரஷராகவே இருக்கும். இன்ஜினை அணைத்து, சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, சேஃப்டி லீவரைத் திறந்து, இரண்டு லீவர்களையும் எல்லாத் திசையிலும் பத்துப் பதினைந்து முறை அசையுங்கள். இன்ஜின் நின்றபோதும் பூமை இறக்க உதவுவதற்காக அக்குமுலேட்டரில் தேங்கிய பைலட் ஆயில் இதில்தான் காலியாகும். பிறகு டேங்கின் பிரீதர் பட்டனை அழுத்திக் காற்றழுத்தத்தை விடுங்கள். அக்குமுலேட்டரின் நைட்ரஜன் பக்கத்தை எக்காரணத்துக்கும் கழற்றக்கூடாது.

கசிவைக் கையால் தடவித் தேட வேண்டாம். ஊசித்துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தோலுக்குள் ஆயில் போனதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனை. அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது, மணிநேரம் தாழ்ந்தால் விரல் போகலாம்.

அளப்பது

இரண்டு கேஜ்கள் வேண்டும்: பைலட்டுக்கு 60 அல்லது 100 பார், மெயினுக்கு 600 பார். 600 பார் கேஜில் பைலட்டை அளந்தால் 5 பார் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஹோஸும் கப்ளிங்கும் அந்தப் பிரஷருக்கு உரியவையா என்று பாருங்கள். ஆயிலை 50 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பம்பையும் நல்ல பம்பாகக் காட்டிவிடும். பவர் மோடை உச்சத்தில் வைத்து, ஆட்டோ ஐடிலை (லீவர் அசையாதபோது இன்ஜின் வேகத்தைத் தானாகக் குறைப்பது) அணைத்து, பூஸ்ட் பட்டனைத் தொடாமல் இருங்கள்.

முதலில் பைலட் பம்ப் லைன். ஐடிலில் ஒரு அளவு, முழு ரேஸில் ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முழு ரேஸில் சரியாக இருந்து ஐடிலில் விழுந்தால் கியர் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ உள்கசிவு. இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் பைலட் ரிலீஃபின் ஸ்பிரிங்கையோ சீட்டையோ பாருங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அளந்து வித்தியாசம் வந்தால் விடை கையில்.

அடுத்து சோலினாய்டைத் தாண்டி, பிறகு ஜாய்ஸ்டிக் அவுட்லெட்டில். லீவரை மிக மெதுவாகச் சாய்த்தபடி கேஜைப் பாருங்கள். முள் 5, 6 பாரில் எழுந்து, தாவாமல், தயங்காமல், சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் குட்டி ஸ்பூலில் கீறல் அல்லது அழுக்கு. முள் நடுங்கினால் லைனில் காற்று. காற்றை எடுக்க ஸ்பூல் மூடியில் உள்ள பைலட் ஹோஸ் நட்டைச் சற்றுத் தளர்த்தி, ஐடிலில் லீவரை மிக லேசாகச் சாய்த்து, குமிழி நிற்கும்வரை விடுங்கள். முழுதாகச் சாய்க்கக் கூடாது. மெஷின் அசையாத இடத்தில், ஆட்கள் விலகி நிற்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் பைலட் குறைந்தால் பக்கத்துத் திசையின் ஹோஸோடு மாற்றி மாட்டிச் சோதிக்கலாம். ஆனால் லீவரின் வேலையும் மாறிவிடும் என்பதை ஆபரேட்டருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பைலட் சரி என்று உறுதியான பிறகே மெயின் கேஜ். ஆர்ம் சிலிண்டரைக் கோடிவரை இழுத்து அங்கேயே லீவரை 5 வினாடி பிடியுங்கள், 10-ஐத் தாண்ட வேண்டாம். ரிலீஃப் வழியே ஓடும் ஆயில் வேலை ஏதும் செய்யாமல் முழுவதும் சூடாக மாறுகிறது: பாரையும் நிமிடத்துக்கான லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். 340 பாரில் 100 லிட்டர் வழிந்தால் 56 கிலோவாட்டுக்கு மேல். பிறகு பூம் தூக்கல், பக்கெட் மடக்கல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, எண்களை எழுதி வையுங்கள்.

எல்லாவற்றிலும் ஒரே குறைந்த எண் வந்தால் மெயின் ரிலீஃப். ஒன்றில் மட்டும் குறைந்தால் அதன் போர்ட் ரிலீஃப் அல்லது சிலிண்டர் சீல். ஒரே பார்ட் நம்பர் உள்ள போர்ட் ரிலீஃப் வேறு செக்‌ஷனில் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் வால்வுதான் குற்றவாளி. மாறாவிட்டால் சிலிண்டரைப் பாருங்கள். இதைவிட மலிவான, நம்பகமான சோதனை இல்லை.

கழற்றிச் சுத்தம் செய்வது, பிறகு ஸ்க்ரூ

ரிலீஃபைக் கழற்றும் முன் சுற்றிலும் கழுவித் துடையுங்கள். ஸ்க்ரூ எவ்வளவு நீளம் வெளியே நிற்கிறது என்று காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாகங்களைச் சுத்தமான டீசலில் கழுவி, காற்றடித்து, நூல் உதிராத துணியால் துடையுங்கள். பஞ்சுக் கழிவு கூடாது. அதன் ஒரு இழை போதும் அந்தத் துளையை அடைக்க. துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வட்டமாக ஒளி தெரிய வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி வால்வின் குணமே மாறிவிடும்.

கூம்பின்மேல் சீட் படும் இடத்தில் மெல்லிய பளபளப்பான வளையம் ஒன்று இருக்கும். அது முழு வட்டமாக, ஒரே அகலத்தில் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் அகன்றும் ஒரு பக்கம் மறைந்தும் இருந்தால், அல்லது குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தால், வால்வு முழு செட்டையும் மாற்றுங்கள். எமரித் தாளால் தேய்த்துச் சரிக்கட்டியது நிலைக்காது. ஓரிங்கோடு, அது பிதுங்காமல் தாங்கும் பேக்கப் ரிங் வந்தால், பிரஷர் வரும் பக்கம் ஓரிங், அதற்கு எதிர்ப்பக்கம் பேக்கப் ரிங். இதை மாற்றிப் போட்டுத்தான் பல புது ஓரிங்குகள் ஒரே நாளில் கிழிகின்றன. கிழிந்த துணுக்கு எங்கே போய் அடைக்கும் என்பது மேலே சொன்னதுதான்.

சுத்தம் செய்து மாட்டியும் எண் குறைந்தே இருந்தால்தான் ஸ்க்ரூ. லாக் நட்டைத் தளர்த்தும்போது ஸ்க்ரூ கூடச் சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கேஜ் மாட்டியிருக்க வேண்டும். கேஜ் இல்லாமல் திருகவே கூடாது. முதலில் கொஞ்சம் குறைத்து, பிறகு எட்டில் ஒரு சுற்றாக ஏற்றிக்கொண்டு வாருங்கள். சில வால்வுகளில் கால் சுற்றுக்கே பல பத்து பார் மாறும். எண்ணைத் தொட்டதும் லாக் நட்டை இறுக்கி மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது அளவு நகர்வது வழக்கம். பூஸ்ட் உள்ள வால்வில் இரண்டு லாக் நட்டும் இரண்டு சரிப்படுத்தலும் இருக்கலாம். எதை முதலில் வைப்பது என்று மேனுவல் சொல்லும். வரிசை மாறினால் முதலில் வைத்தது கலைந்துவிடும்.

ஏற்றிக்கொண்டே போயும் முள் அசையவில்லை என்றால் உடனே நிறுத்தி, குறித்து வைத்த இடத்துக்கு ஸ்க்ரூவைத் திருப்புங்கள். கேஜ் காட்டுவது எப்போதும் மிகக் குறைவாக வைத்திருக்கும் வால்வின் அளவைத்தான். போர்ட் ரிலீஃப் முந்திக்கொண்டு திறக்கலாம். பாரத்துக்கு ஏற்ப பம்பின் ஆயிலை மாற்றும் லோட் சென்சிங் மெஷின்களில் பம்பின் பிரஷர் கட் ஆஃப் ரிலீஃபுக்கு முன்பே ஆயிலைக் குறைத்துவிடும். அங்கே மெயின் ரிலீஃபைத் திருகினால் அளவில் எதுவும் தெரியாது, காப்பு மட்டும் போய்விடும்.

இதே காரணத்தால் போர்ட் ரிலீஃபை மெஷினிலேயே அளக்க மெயினைத் தற்காலிகமாக ஏற்ற வேண்டியிருக்கும். மேனுவல் அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். எத்தனை சுற்று ஏற்றினீர்கள் என்று எழுதுங்கள். முடித்ததும் இறக்கி கேஜில் பார்த்து உறுதி செய்யுங்கள். கழற்றி டெஸ்ட் பெஞ்சில் கைப்பம்பால் சோதிப்பது பாதுகாப்பு. ஆனால் கைப்பம்பின் ஆயில் மிகக் குறைவு என்பதால் அங்கே கிடைப்பது திறக்கத் தொடங்கும் அளவு. மெஷினில் முழு ஆயிலோடு வரும் எண் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

வேலை முடிந்ததும் பைலட் ஃபில்டரையும் ரிட்டர்ன் ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் துணுக்கு சீலைக் காட்டும். பித்தளை நிறத் துகள் மெயின் பம்ப் அல்லது மோட்டாரின் உள்பாகங்கள் தேய்வதைக் காட்டும். அது நிறைய இருந்தால் சுத்தம் செய்த ரிலீஃபில் மறுபடியும் துகள் சிக்கும். பம்பைத் திறக்காமல் மெஷினை வேலைக்கு அனுப்ப வேண்டாம். திருத்திய பிரஷர் எண்கள், ஆயில் சூடு, ஆர்பிஎம், தேதி ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி கேபினில் ஒட்டிவிடுங்கள். அடுத்து ஸ்பேனரோடு வருபவர் அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.